பீடத்தைக் கேட்டேன், நகரசபை கிடைத்தது

2003ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் படைமுகாம் ஆலயத்துப் பிரசங்கபீடத்தில் ஏறினார், வேதாகமத்தை விரித்தார், வாய் திறக்கவில்லை. முதலில் யாரும் பதறவில்லை. போதகர்மார் பேசுமுன் கொஞ்சம் மௌனமாக நிற்பது உண்டுதானே. ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. முன்வரிசையில் ஒரு குழந்தை சாவிக்கொத்தைக் கீழே போட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டு, வேதாகமத்தை மூடி, படியிறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கையைத் தொட்டேன். சில்லிட்டுப் போயிருந்தது. சபை மூப்பரான ஒரு சார்ஜன்ட் எழுந்து தானாகவே ஒரு பாட்டைத் தொடங்கினார். அந்தப் பாட்டோடு ஆராதனை முடிந்தது.

ஆண்டவருடைய பிள்ளைகளே, அந்த மனிதருக்கு ஆண்டவர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எழுதிப் பழக்கம் எனக்கில்லை. வாயடக்கமும் இல்லை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பெயர் ஜெயசீலன். யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போய், அங்கே பிரெஸ்பிற்றேரியன் போதகராகி, பிறகு பிரித்தானிய இராணுவத்தில் போதகராகச் சேர்ந்தார். ஜேர்மனியில் ஹம்பேர்க்குக்குத் தெற்கே, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு சிறு நகரம். அதன் அருகே பிரித்தானியப் படைமுகாம். அங்கேதான் அவருக்கு வேலை. படைவீரர்கள் அவரை ‘பாட்றே’ என்று கூப்பிடுவார்கள். அதிகாரிக்குரிய மரியாதை உண்டு, துப்பாக்கி கிடையாது. இராணுவப் போதகர் போர்முனைக்கும் வெறுங்கையோடுதான் போகவேண்டும்.

நான் 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்து இறங்கிய அகதி. ஒன்பது வருடம் கழித்து ஒரு நாள் ஹம்பேர்க் பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பச்சைச் சீருடையோடு ஒரு ஆள் உள்ளே வந்தார். சீருடையைக் கண்டால் ஓடிப் பழகிய கால்கள் என்னுடையவை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அந்த ஆமிக்காரர் கடைக்காரரிடம், “அண்ணை, கட்டாக் கருவாடு இருக்கோ?” என்று கேட்டார். “ஆமிக்காரனுக்கு என்னத்துக்குக் கருவாடு?” என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டது நான்தான். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

அவருடைய கழுத்துப்பட்டியிலே சிறு சிலுவைச் சின்னம் குத்தியிருக்கும். சீருடையை நான்தான் இஸ்திரி போடுவேன். பெருமை பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எந்த ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினேனோ, அதே மாதிரிச் சீருடையில் ஒரு தமிழன் நின்று வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு வேதம் சொல்லும்போது முன்வரிசையில் என் கழுத்து கொஞ்சம் நீண்டுதான் இருக்கும்.

2003 பங்குனியில் அவர் ஈராக்குக்குப் போனார். நாலு மாதம் கழித்து வந்தார். அங்கே கண்டதை என்னிடம் முழுவதும் சொன்னதில்லை. நான் தோண்டிக் கேட்டதும் இல்லை. இறந்துபோன படைவீரப் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிவிட்டவர் அவர், அவர்களுடைய தாய்மாருக்குக் கடிதம் எழுதியவரும் அவர். அது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வைத்தியர்களிடம் போனோம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை. மனதில் அடிபட்டிருக்கிறது, காலம் எடுக்கும் என்றார்கள். ஒவ்வொரு செவ்வாயும் அதற்கான வைத்தியரிடம் தவறாமல் போனார். வீட்டில் பேசுவார். உப்புக் கேட்பார், மழை வரும் என்பார். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் குரல் வராது. ஜெபமும் வராது. சாப்பாட்டு மேசையில் கைகளைக் கோப்பார், உதடு அசையும், பிறகு என்னைப் பார்ப்பார்.

“நீர் சொல்லும், ரஞ்சி.”

நான் சொல்லுவேன். ஒவ்வொரு நாளும் நான்தான் சொன்னேன். ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய் தன் வீட்டுச் சோற்றுக்கு ஜெபிக்க முடியாமல் போனது.

2004இல் இராணுவத்தைவிட்டு விலகினார். நான் வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தபடியால் அந்த நகரத்திலேயே தங்கிவிட்டோம். தனியாக வசிக்கிற முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் வாகனத்தை ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. போதகர் பெட்டி பெட்டியாகச் சூப் சுமந்தார். எங்கள் சனம் சும்மா இருக்குமா? குடியாம் என்றார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டாராம் என்றார்கள். ஒருத்தியிடம் தொலைபேசியில் சொன்னேன்: “என்ரை மனிசன் போர் நடந்த இடத்துக்கு வெறுங்கையோட போனவர். நீங்கள் குடையில்லாமல் கடைக்கும் போகமாட்டியள்.” அதோடு அவ கதைப்பதை விட்டுவிட்டா.

நான் ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இருபது வருடமாக ஜேர்மன் அலுவலகங்களுக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்பிய கை இது. ஆண்டவரிடமும் அப்படித்தான் போனேன். ‘ஆண்டவரே, ஈஸ்டருக்கு முன்னர், முகாம் ஆலயத்தில், பிரசங்கபீடத்தில், அவருடைய குரலைத் திரும்பக் கொடும்.’ நாள், இடம், பொருள் எல்லாம் சரியாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். புதன்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடுவோம். மன்னாரைச் சேர்ந்த மரியறோஸ் அக்கா, கத்தோலிக்கர், தவறாமல் வருவா. என் ஜெபத்தைக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னா: “தங்கச்சி, நீ ஜெபிக்கிறியோ, ஆண்டவருக்கு ஓடர் குடுக்கிறியோ?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஓடரை நிறுத்தவில்லை. ஒரு ஈஸ்டர் போனது. அடுத்த ஈஸ்டரும் போனது. 2005இல் ஒரு காலை, வேலை செய்யும் இல்லத்தின் துணி தோய்க்கும் அறையில் நின்று, ஆண்டவரே நீர் இருக்கிறீரா என்று கேட்டேன். விசுவாசி கேட்கக்கூடாத கேள்விதான். கேட்டுவிட்டு, படுக்கை விரிப்புகளை மடித்துவைத்துவிட்டு, வேலைக்குத் திரும்பினேன்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் பஸ் விவகாரம் வந்தது.

என் கணவர் சாப்பாடு கொண்டுபோகும் வீடுகளில் கடைசி வீடு திருமதி கெல்னருடையது. எண்பத்தாறு வயது, பழைய பள்ளிக்கூட ஆசிரியை, கணவரை இழந்தவர். நகரத்தின் கடைசிப் பஸ் தரிப்பு அவருடைய வாசலில். அதற்கு அப்பால் அகதி விடுதி, வேறு ஒன்றும் இல்லை. ஆட்கள் குறைவு என்று அந்தப் பஸ்ஸை நிறுத்த நகரசபை யோசித்தது. இங்கே நகரசபைக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஊரில் வசிக்கிற யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். திருமதி கெல்னர் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டு, தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி இவரைக் கேட்டார். அவரைப் பிடித்து நடத்த நானும் போனேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா எழுந்தார். கடிதத்தைப் பிரித்தார். பிறகு அதை என் கணவரிடம் நீட்டினார்.

“நீங்கள் வாசியுங்கள். என் கண்ணாடி சரியில்லை.”

நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு எழுகிறார். இயேசுவே, இயேசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. நாளும் இல்லை, இடமும் இல்லை.

அவர் வாசித்தார்.

முதல் வரி தொண்டைக்குள் சிக்கியது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வரியில் அந்தப் பழைய குரல், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல், மண்டபம் முழுக்க நின்றது. கடிதம் முடிந்தது. அவர் உட்காரவில்லை. “எனக்கும் ஒரு கேள்வி உண்டு” என்றார். “அகதி விடுதியில் இருக்கிற தாய்மார் பிள்ளைகளை எதில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோவார்கள்?” பதில் எழுத்தில் வரும் என்றார்கள். “நல்லது. காத்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திருமதி கெல்னரின் கண்ணாடிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. வாகனத்தில் திரும்பும்போது அதே கண்ணாடியோடு கடை விளம்பரத் துண்டின் பொடி எழுத்தை வாசித்துக்கொண்டு வந்தார்.

நீங்கள் நினைப்பீர்கள், நான் அன்றைக்கே ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன் என்று. இல்லை. வீட்டுக்கு வந்ததும் அழுதேன், பிறகு சண்டை பிடித்தேன். “இஞ்சேருங்கோ, பஸ்ஸுக்குக் கதைக்க வருது, ஆண்டவருக்குக் கதைக்க வராதோ?”

“எனக்கும் விளங்கேல்லை, ரஞ்சி” என்றார். அவ்வளவுதான்.

பஸ் அந்த மாரியிலேயே நின்றுபோனது. அடுத்த வருடம் நகரசபைத் தேர்தல் வந்தது. கட்சி சாராத ஊரவர் குழு ஒன்று தங்கள் பட்டியலில் நிற்கும்படி இவரைக் கேட்டது. இவர் பிரித்தானியக் குடிமகன். பிரித்தானியாவும் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் தாங்கள் வசிக்கும் ஊரின் நகரசபைக்குப் போட்டியிடலாம். நான் முடியவே முடியாது என்றேன். அரசியல் என்ற சொல்லைக் கேட்டால் வாசல் கதவைப் பூட்டுகிற சனம் நாங்கள். எங்கள் வீதியில் அரசியல் பேசியவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை.

“போதகருக்கு என்னத்துக்கு அரசியல்? பீடத்துக்குப் போங்கோ. நான் அதுக்குத்தான் மண்டாடினனான்.”

“ஆமியிலை நான் ஒருத்தனையும் காப்பாத்தேல்லை, ரஞ்சி. ஒரு பஸ்ஸையாவது காப்பாத்திப் பாக்கிறன்.”

அதற்குப் பிறகு நான் மறுக்கவில்லை. ஒத்துக்கொண்டால் அரைகுறையாக ஒத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. எங்கள் நகரத்தில் ஜேர்மன் குடியுரிமை எடுத்த தமிழர்கள் என்னோடு சேர்த்துப் பதினாலு பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. மூன்றையும் ஒரே ஆளுக்குப் போடலாம். எல்லோரையும் நான் பிடித்தேன், கிறிஸ்தவர்கள், சைவர்கள் என்று பார்க்கவில்லை. புதன்கிழமை ஜெபத்தில் ஒரு யோசனையும் சொன்னேன். நாங்கள் எந்தக் காகிதம் எழுதினாலும் தலையில் ஒரு சிறு சிலுவை போட்டுத்தானே தொடங்குவோம். வாக்குச் சீட்டிலும் அப்படியே போடுவோம், அது ஜெபமாக இருக்கட்டும் என்றேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சேதி சைவக் குடும்பங்களுக்கும் போனது. தாங்கள் பிள்ளையார் சுழி போடுவதாகச் சொல்லியனுப்பினார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

தேர்தல் ஞாயிறன்று எனக்கு வேலை. ஆகவே ஒரு கிழமைக்கு முன்னரே தபாலில் வாக்களித்தேன். சீட்டின் தலையில் அழகாக ஒரு சிலுவை. அதன் கீழே தமிழில், ‘ஆண்டவரே, உமது விருப்பம்’. என் கணவரின் பெயருக்கு நேரே மூன்று புள்ளடிக் குறி. மரியறோஸ் அக்காவும் என் பக்கத்தில் இருந்து அப்படியே செய்தா. இரண்டையும் நானே தபாற்பெட்டியில் போட்டேன்.

அன்று பின்னேரம் இடியப்பம் பரிமாறும்போது பெருமையாகச் சொன்னேன். இவர் கையில் எடுத்த இடியப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“சீட்டிலை எழுதினனீரோ?”

“ஓம். சிலுவையும் போட்டனான்.”

“ரஞ்சி, பேருக்கு நேரை போடுற புள்ளடியைத் தவிர வேறை ஒரு கீறு இருந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது.”

“அப்ப மரியறோஸ் அக்காவின்ரை?”

“அதுவும் போச்சு.”

“மற்றாக்கள் எல்லாரும் அப்பிடித்தான் போடப்போகினம். நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஈராக்குக்குப் போனபின் அந்த மனிதர் சிரித்து நான் பார்க்கவில்லை. மூன்று வருடம். என் வாக்குப் போனதற்கு அழுவதா, இந்தச் சிரிப்புக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் சட்டியும் கையுமாக நின்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் தொலைபேசியோடு இருந்தேன். என் பிழையை நானே பன்னிரண்டு பேரிடம் சொன்னேன். போதகரின் மனைவிக்கே வாக்குப் போடத் தெரியவில்லை என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். ரெஸ்டோரன்ட் சமையலறையில் வேலைசெய்கிற செல்வராசா அண்ணை மட்டும் மசியவில்லை.

“தங்கச்சி, தலையிலை சுழி போடாமல் நான் ஒரு காயிதமும் தொட்டதில்லை. என்னாலை ஏலாது.”

“அண்ணை, உள்ளங்கையிலை போட்டுக்கொண்டு போங்கோ. அந்தக் கையாலைதானே புள்ளடி போடுவியள்.”

“அது சரிவரும்” என்றார்.

அவர்களுடைய குழுவுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று ஒரு பெரிய பண்ணைக்காரருக்கு. மற்றது என் கணவருக்கா, பட்டியலில் இருந்த இன்னொருவருக்கா என்பது முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் இவர் பக்கம் முடிவானது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று வாக்கு. நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த இரண்டு சீட்டும் கெட்டிராவிட்டால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன், எல்லாச் சீட்டும் கெட்டிருக்கும். என்னுடைய புத்திசாலித்தனத்தை ஆண்டவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்தீர்களா? உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. ஏழு பிரதி வாங்கினேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நகரசபையில் அவருடைய முதல் பிரேரணை அந்தப் பஸ்ஸைத் திரும்ப விடவேண்டும் என்பதுதான். தோற்றுப்போனது. கைகளை எண்ணியபோது நான் பார்வையாளர் வாங்கிலில் இருந்தேன். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் வெகு கேலியாகப் பேசினார். சூப் வண்டிக்காரர் இப்போது பஸ்ஸும் ஓட்டப் பார்க்கிறார் என்றார். சிலர் சிரித்தார்கள். என் கணவர் எழுந்து, தன் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியும்படி கேட்டார். அது பிரெஸ்பிற்றேரியன்காரர் பழக்கம். எங்களுக்கு ஆயர் கிடையாது. மூப்பர்கள் கூடிப் பேசி வாக்கெடுப்போம். தோற்றவர் கோபித்துக்கொண்டு வெளியே போகமாட்டார், தன் மறுப்பை எழுதுவித்துவிட்டுக் கூட்டத்திலேயே இருப்பார். அவரும் இருந்தார். மீதி அலுவல்களுக்கெல்லாம் ஒழுங்காகக் கை உயர்த்தினார்.

திரும்பவும் வாயடைத்துப் போவாரோ என்று பயந்தேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்படிக் கைவிடுகிறீரே என்று வழிநெடுக ஆண்டவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் சோற்றைப் போட்டேன். வழக்கம்போல் ஜெபிக்கக் கண்ணை மூடினேன்.

“நான் சொல்லட்டே?” என்றார்.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. அவர் தொடங்கினார். அழகான ஜெபம் இல்லை. திக்கினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினார். சோற்றுக்கு நன்றி சொன்னார். எனக்காக நன்றி சொன்னார். விடுதியில் இருக்கிற தாய்மாருக்காகக் கேட்டார். பிறகு கேலி பேசிய அந்த மனிதரைப் பெயர் சொல்லி ஜெபித்தார். அவருடைய மனைவிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடக்கப்போகிறதாம், அது நல்லபடி முடியவேண்டும் என்று கேட்டார். நான் அந்த ஆளை வீடுவரைக்கும் ஏசிக்கொண்டு வந்தவள். என் கணவருக்கு அவருடைய மனைவியின் இடுப்புத் தெரிந்திருந்தது. இடைவேளையில் விசாரித்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் போதகர் வேலையை விடவே இல்லை. முகாமில் செய்ததை நகரசபையில் செய்கிறார். சீருடை மட்டும் இல்லை.

ஆமென் சொன்னேன். சோறு ஆறிப்போயிருந்தது. ருசித்துச் சாப்பிட்டோம்.

அதே பிரேரணையை அவர் மூன்று தரம் கொண்டுபோனார். 2007 வசந்தகாலத்தில் பஸ் திரும்ப ஓடியது. மூன்றாம் தரம் கை உயர்த்தியவர்களில் அந்தக் கேலிக்காரரும் ஒருவர். பிறகு பிரசங்கபீடமும் வந்தது. லைப்சிக்கில் ஒரு சபை அழைத்து, போய்ப் பேசினார். நல்ல பிரசங்கம். நான் முன்வரிசையில் இருந்தேன், கழுத்தும் நீண்டுதான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், நகரசபை வாங்கிலில் இருந்து அவரைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பெருமை கூட.

இப்போது நான் நாளும் இடமும் சொல்லி ஜெபிப்பதில்லை. ஆளைச் சொல்லி ஜெபிக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், சோறு போடுங்கள், ஊரார் வாய்க்குப் பதில் கொடுங்கள். ஜெபத்தையும் விடாதேயுங்கள். அந்த வாய் எங்கே திறக்கவேண்டும் என்பதை மட்டும் ஆண்டவர் தீர்மானிக்கட்டும். அவர் உங்களைக் கேட்டுச் செய்யமாட்டார், ஆனால் செய்வார். என்னை நம்பாவிட்டாலும் அவரை நம்புங்கள்.

இன்றும் நகரசபைக் கூட்டம். பாலர்பாடசாலைக்குக் கூரை மாற்றுவது பற்றி யாரோடோ வாதாடிவிட்டுப் பசியோடு வருவார். புட்டு அவிக்கவேண்டும். அவர்தான் ஜெபிப்பார், எங்கள் வீட்டில் இப்போது அது அவருடைய வேலை. நகரசபையில் இருக்கிற அத்தனை பேரையும் பெயர் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.